ஈரம் முதலில், சோலார் கடைசியில்: ஒரு பழைய மோட்டார்ஹோமைத் தயார் செய்தது

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, அதாவது மோட்டார்ஹோம், ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, புகை தள்ளுகிறதா, கிளட்ச் எப்படி? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் எஞ்சின் கெட்டால் பார்க்க மெக்கானிக் இருக்கிறார், உதிரிபாகம் கிடைக்கும். அதே எஞ்சினை வைத்துக்கொண்டு எத்தனையோ சரக்கு வேன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மோட்டார்ஹோமைச் சாகடிப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, மழைத் தண்ணீர். கூரை ஓரத்திலோ சன்னல் மூலையிலோ ஊசி முனை அளவுக்கு வழி கிடைத்தால் போதும். சுவருக்குள் இறங்கி, வருஷக்கணக்காக வெளியே தெரியாமல் மரத்தை உளுக்க வைத்துவிடும். அதனால் வண்டி பார்க்கப் போனபோதெல்லாம் நான் பானெட்டைத் திறந்தது கடைசியில்தான்.

இருபது வயதைத் தாண்டிய வண்டிகளில் பின்பக்க வீட்டுப் பகுதியின் சுவர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. ப்ளைவுட், நடுவில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஃபோம், ஓரங்களிலும் சன்னலைச் சுற்றியும் மர ரீப்பர். எல்லாம் பசையால் ஒட்டி ஒரே பலகையாக்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் பலம் கிடையாது. ஒட்டியிருக்கும்வரைதான் அது சுவர். ரீப்பர் உளுத்துப் பசை விட்டுப்போனால் தகடு தனியே, ப்ளைவுட் தனியே என்று சுவர் உப்பிக்கொள்ளும். அந்த நிலைக்குப் போன வண்டியை மீட்கலாம்தான், ஆனால் அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோனது ஒரு டார்ச், ஒரு ஈரமானி, பழைய துணி. ஈரமானி என்பது இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி. மரத்தில் வைத்து அழுத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 15-க்குள் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. 30 வந்தால் உள்ளே மரம் மரமாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஊசி குத்துவதற்கு முன் விற்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; கப்போர்டுக்குள், மெத்தைக்கு அடியில் என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் குத்தினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. அந்தக் கருவியைப் பார்த்ததுமே முகம் மாறும் ஆளிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

எங்கே பார்ப்பது? டிரைவர் தலைக்கு மேலே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் படுக்கை அறையின் இரண்டு கீழ் மூலைகள், சன்னல்களின் கீழ்ப்பக்கம், கூரைக் கதவுகளைச் சுற்றி, பின் விளக்குகளுக்குப் பின்னால், குளியல் தட்டுக்கு அடியில், சக்கர வளைவை ஒட்டிய தரை. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாத மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். மூக்குக்கும் வேலை உண்டு. பூட்டிக் கிடந்த வண்டிக்குள் முதலில் நுழைந்ததும் வரும் வாசனையை நம்பலாம். உள்ளே வாசனை திரவியம் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். கூரை ஓரத்தில் புதிதாக, வெள்ளை வெளேரென்று சிலிக்கான் இழுத்திருந்தால் இன்னும் பெரிய தகவல்.

நாங்கள் எடுத்த வண்டியில் எல்லா இடமும் 12, 14 என்று காட்டியது. மேல்படுக்கையின் வலது மூலை மட்டும் 28. விற்ற பெரியவர் நான் கேட்பதற்கு முன்பே அந்த மெத்தையைத் தூக்கிக் காட்டினார். "பெருமழை அடிச்சா இந்த மூலையில கசியும் தம்பி. நான் ஏணி ஏறுற வயசு தாண்டியாச்சு. நீங்க பார்த்துக்குவீங்க." ஒரே இடத்தில், காரணம் தெரிந்த கசிவு என்றால் அது ஒரு வேலை. நான்கு இடத்தில் கசிந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். இது ஒரு வேலை என்று முடிவு செய்தோம்.

அதற்கு முன் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். விளம்பரத்தில் ஆறு பேர் தூங்கலாம் என்று போட்டிருந்தது. "தூங்கறது இருக்கட்டும், ஓடும்போது எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம்?" பழைய வண்டிகளில் இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. சாப்பாட்டு மேசையின் இருபுறமும் இருக்கை இருக்கும், பெல்ட் இருக்காது. அல்லது இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும். சிறு பிள்ளைகளின் பூஸ்டர் இருக்கைக்கு இடுப்பு பெல்ட் போதாது, தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் வேண்டும். அதுவும் முன்னோக்கிய இருக்கையில். பக்கவாட்டு சோபாவில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. மேசை இருக்கையின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம்: இரும்புச் சட்டம், கீழே தரையைத் தாண்டிச் சேசிஸில் போல்ட் போட்டிருந்தது, மூன்று முனை பெல்ட் இரண்டு. இருந்ததால் வாங்கினோம். பெல்ட் இல்லாத வண்டியில் பிறகு நாமே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ப்ளைவுட் பெட்டியில் திருகிய பெல்ட் விபத்தில் பெட்டியோடு பெயர்ந்து வரும். அந்த வேலைக்கு இரும்புச் சட்டமும், சோதனையும், சான்றிதழும் வேண்டும். சொந்தக் கையால் செய்யும் வேலை அல்ல அது.

எஞ்சின் பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்றச் சொன்னேன். கூடவே வாட்டர் பம்ப். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு, நின்றுகொண்டே இருந்த வண்டியிலும் கெட்டுப்போகும்; மாற்றியாயிற்று. டயர்தான் ஆளை ஏமாற்றும். பள்ளம் புதுசு போல ஆழமாக இருந்தது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்தால் 2312. அதாவது 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்தது. மூன்று டன்னுக்கு மேல் சுமந்துகொண்டு வருஷத்தில் பாதிக்குமேல் ஒரே இடத்தில் நிற்கும் டயர் தேய்ந்து போவதில்லை, காய்ந்து வெடிக்கிறது. விளிம்பை ஒட்டி மயிரிழை விரிசல்கள் ஏற்கெனவே ஓடியிருந்தன. மொத்த செட்டையும் மாற்றினோம்.

இனி அந்த மூலை.

மேல்படுக்கையின் பக்கச் சுவரும் முன் சுவரும் சேரும் விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டை ஓடுகிறது. பட்டையின் நடுவில் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் நாடா ஒன்று செருகியிருக்கும். நாடாவை உருவினால் அடியில் வரிசையாகத் திருகுகள். இங்கேதான் வண்டி தன் கதையைச் சொல்லும். மேலே உள்ள திருகுகள் பளபளவென்று வந்தன. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து துரு. அதற்குக் கீழே நான்கைந்து திருகுகளைச் சுற்றவே வேண்டியிருக்கவில்லை, விரலால் இழுத்ததும் வந்துவிட்டன. பிடித்துக்கொள்ள அங்கே மரம் இல்லை. ஆக, தண்ணீர் நுழைந்த இடம் வளைவில், ஈரம் தெரிந்த இடம் அதற்கு ஒரு கை கீழே. கசிவு தெரியும் இடத்தில் மட்டும் சீலன்ட் அடைத்துவிட்டு வருபவர்கள் தோற்பது இதனால்தான்.

பட்டையைக் கழற்றியபின் உள்ளேயிருந்து ப்ளைவுட்டை வெட்டினேன். அதிர்வில் வெட்டும் மல்ட்டி டூலுக்கு 3 மி.மீ. ஆழத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்குமேல் பிளேடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் வெளித் தகட்டுக்கு ஆபத்தில்லை. ப்ளைவுட் தாள் தாளாக உரிந்து வந்தது. அடியிலிருந்த ரீப்பர் கறுத்து, கிள்ளினால் கையோடு வந்தது. ஃபோம் நல்ல வகை, தண்ணீர் குடிக்காதது; அதை விட்டுவைத்தேன். உளுத்ததைச் சுரண்டிக்கொண்டே போய், உளி குத்தினால் கெட்டியாக எதிர்த்து நிற்கும் மரம் வந்தபிறகும் இன்னொரு 30 சென்டிமீட்டர் போனேன். கெட்டதின் ஓரத்தில் நிற்கும் நல்லதை நம்பக்கூடாது.

அப்புறம் காத்திருப்பு. சுவரைத் திறந்து போட்டு, உள்ளே மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரும் ஓடவிட்டு, மேலே தார்ப்பாய் கட்டி விட்டுவிட வேண்டியதுதான். எல்லாருக்கும் அவசரம் வருவது இங்கேதான். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் செய்த வேலை முழுக்க வீண். ஈரமானி 15-க்குக் கீழே காட்டும்வரை புது மரத்தைத் தொடவில்லை. காய்ந்தபின் மிச்சமிருந்த மரத்துக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து பூசினேன்.

புது ரீப்பரைப் பழைய ரீப்பரோடு முட்டுச் சேர்ப்பாக வைக்காமல் இரண்டையும் நீளச் சாய்வாக வெட்டிச் சேர்த்தேன். சாய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு பசைப் பரப்பு. பசை பாலியூரித்தேன் வகை. காயும்போது நுரைத்துப் பொங்கி இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும். பொங்கும்போது எல்லாவற்றையும் தள்ளவும் செய்யும் என்பதால் எதிர்ச் சுவரிலிருந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்கிவிட்டேன். மேலே புது ப்ளைவுட். உள்வேலை அவ்வளவுதான்.

வெளிப்பட்டையைத் திரும்பப் பூட்டுவதில்தான் அடுத்த இருபது வருஷமும் அடங்கியிருக்கிறது. பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். உலோகச் சுரண்டி தகட்டில் கோடு போடும், அந்தக் கோடு அடுத்த வாய்க்கால் ஆகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டையின் அடியில் பியூட்டில் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடாவை ஒட்டி, திருகுகளை நடுவிலிருந்து இரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போனேன். புதுத் திருகுகள் துருப்பிடிக்காத ஸ்டீல். பியூட்டில் கெட்டிப்படாது, அதுதான் அதன் குணம். வண்டி குலுங்கும்போதும் வெயிலில் தகடு நீளும்போதும் கூடவே நகரும். முதல் நாளே முழு பலத்தோடு இறுக்கினால் டேப் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்து, அடியில் ஒன்றும் மிச்சமிருக்காது. நல்ல வெயில் அடித்த பிறகு மறுபடி கால் சுற்று இறுக்குவதுதான் முறை. பிதுங்கியதை வெட்டிவிட்டு, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகப் பாலியூரித்தேன் சீலன்ட் இழுத்தேன். கீழ் விளிம்பில் இழுக்கவில்லை. தப்பித் தவறி உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியேற ஒரு வழி வேண்டும்.

சிலிக்கான் ஏன் கூடாது என்று சிலர் கேட்டார்கள். குளியலறைக்கு அது நல்ல பொருள்தான். இங்கே அது நாளடைவில் ஓரத்தில் உரிந்துகொள்ளும். உரித்து எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலத்தை விட்டுப் போகும். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. புளிப்பு வாடை அடிக்கும் வகை உலோகத்தையும் அரிக்கும். முந்தைய கைகள் பூசியிருந்த சிலிக்கானைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் மரவேலையைவிட அதிக நேரம் போனது.

சோதனைக்குத் தோட்டத்து ஹோஸ் போதும். பிரஷர் வாஷரை எடுத்துக்கொண்டு வரக்கூடாது, அது நல்ல சீலையும் பெயர்த்துவிடும். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே நுழைந்தது என்று தெரியாது. பெரியவளும் சின்னவனும் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டு மூலையைக் காவல் காத்தார்கள். ஒன்றும் வரவில்லை. சின்னவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஒரு மூலை விட்டதென்றால் மற்ற மூலைகளுக்கும் அதே வயதுதான். அதனால் கூரைக் கதவுகளையும் ஆன்டெனா அடியையும் பின் விளக்குகளையும் கழற்றி அதே முறையில் மறுபடி பூட்டினேன். இப்போது வண்டியின் படம் ஒன்றை வரைந்து, குறித்த இடங்களில் ஈரமானி என்ன காட்டுகிறது என்று பருவத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கிறோம். ஒரு எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பயன்படும்.

ஈரம் முடிந்தபிறகுதான் மின்சாரம். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் நிறையப் பேர். கூரையில் சோலார் பேனல் பளபளக்கும், அடியில் ரீப்பர் உளுத்துக்கொண்டிருக்கும். பேனலைப் பொருத்தியபின் கூரையைத் திறப்பது இரட்டை வேலை.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தால், ஆளாளுக்குச் சேர்த்த ஒயர்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், ஃபியூஸே இல்லாமல் நேராக பேட்டரியில் மாட்டிய ஒன்று. எதையும் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று தாளில் வரைந்தேன். ஃபியூஸ் காப்பது விளக்கையோ பம்பையோ அல்ல, ஒயரை. ஆகவே அது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும், அளவு ஒயரின் தடிமனைப் பார்த்து இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் வைத்த ஃபியூஸால் நடுவழியில் உராய்ந்து தீப்பிடிக்கும் ஒயருக்கு ஒரு நன்மையும் இல்லை. இணைப்புகளை ஈயம் உருக்கிச் சால்டர் செய்யாமல், உலோக முனையை ஒயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் முறையில் செய்தேன். சால்டர் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒயர் முறியும்.

பேட்டரி வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டோம். ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு சுமார் 450 வாட்-மணி. பழைய 10 வாட் ஹாலோஜன் விளக்குகளை 2 வாட் எல்.இ.டி.யாக மாற்றியதால், எட்டு விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தாலும் 64 தான். போன், டேப்லெட் 100. கூரை விசிறி 100. தண்ணீர் பம்ப் சொற்பம். எல்லாம் சேர்த்து 750-க்குள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி இருக்கும், பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். அதே அளவு ஈய அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். எடையும் இரண்டு மடங்குக்கு மேல். எடை எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வருகிறது. லித்தியத்துக்கு ஒரு நிபந்தனை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. அதனால் பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து இருக்கைக்கு அடியில், வண்டியின் உள்ளே கொண்டுவந்தோம்.

பழைய வண்டியில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் வீட்டுப் பகுதியின் பேட்டரியையும் இணைப்பது வெறும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு ஸ்விட்ச். ஈய அமில பேட்டரிக்கு அது போதும். லித்தியம் உள்தடை குறைந்தது, கொடுத்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஐட்லிங்கில், விசிறிக் காற்று குறைவாக இருக்கும் நேரத்தில், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம். நடுவில் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை வைத்தால் இழுப்பதற்கு எல்லை உண்டு. இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய எங்கள் ஒரு நாள் தேவை முழுவதும். இந்தக் கணக்கைப் பார்த்தபின் சோலார் பட்டியலின் கடைசிக்குப் போனது. தினமும் கொஞ்சமாவது நகரும் குடும்பத்துக்கு ஆல்டர்னேட்டரே பெரிய சோலார். ஒரே இடத்தில் மூன்று நாள் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் கூரை பேனல் அவசியம். பிறகு 200 வாட் போட்டோம். நல்ல வெயில் நாளில் படுக்கைவசப் பேனல் 600 வாட்-மணிக்குக் குறையாமல் தருகிறது. மழை நாளில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பழைய ஃப்ரிட்ஜ் அம்மோனியாவில் ஓடும் அப்ஸார்ப்ஷன் வகை. ஸ்வீடனில் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்தது. அசையும் பாகமே இல்லாமல் சூட்டைக் கொண்டு குளிரை உண்டாக்கும் அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கேஸிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும், சத்தமே கிடையாது. ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும், வெளியே வெக்கை ஏறினால் திணறும், 12 வோல்ட்டில் மின்சாரத்தைக் குடிக்கும். எங்களுடையது திணறும் கட்டத்தையும் தாண்டிவிட்டது. அந்த இடத்தில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் உட்கார்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒயர். பழைய ஃப்ரிட்ஜுக்கு வந்த 12 வோல்ட் இணைப்பு எஞ்சின் ஓடும்போது மட்டுமே உயிரோடு இருக்கும்; நின்றதும் ரிலே வெட்டிவிடும். அதிலேயே புதியதை மாட்டினால் ராத்திரி ஃப்ரிட்ஜ் செத்துக்கிடக்கும். அதனால் பேட்டரியிலிருந்து தனி இணைப்பு. தூரம் 6 மீட்டர், போய்த் திரும்ப 12. கையில் இருந்த 2.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.42 வோல்ட் போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுப்பு இன்னும் அதிகம், அப்போது வோல்டேஜ் விழுந்து ஃப்ரிட்ஜின் காப்புச் சுற்று அணைத்துவிடும். பேட்டரி பாதி நிறைந்திருக்கும்போதே இது நடக்கும். ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிடும் பலருக்குக் கெட்டிருப்பது ஒயரின் தடிமன்தான். 6 சதுர மி.மீ. போட்டேன், இழப்பு 0.18-க்குள் அடங்கியது. பழைய ஃப்ரிட்ஜின் சூடு வெளியேற வெளிச்சுவரில் இருந்த இரண்டு சல்லடைகளுக்கு மழைக்காலத்தில் மூடி போட்டுக்கொள்கிறோம்.

கேஸ் வேலையை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிட்டேன். ரெகுலேட்டர், ஹோஸ் இரண்டும் காலாவதி தேதி உள்ள பொருட்கள், இரண்டையும் மாற்றினார். அவர் என்னைத் திட்டியது ஒரு விஷயத்துக்கு: தரையில் இருந்த சின்னச் சல்லடைத் துவாரங்களை முன்பு யாரோ குளிர் வருகிறதென்று கம்பளம் போட்டு மூடியிருந்தார்கள், நானும் அதைத் தரையின் அழகு என்று விட்டுவைத்திருந்தேன். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும்; அந்தத் துவாரங்கள்தான் அதற்கு வாசல். கம்பளத்தை அங்கேயே கத்தரித்தோம். கேஸ் அலாரம் தரையை ஒட்டி, புகை அலாரம் கூரையில், கார்பன் மோனாக்சைடு அலாரம் படுத்திருக்கும் தலையின் உயரத்தில். இந்த மூன்றுக்கும் பணம் யோசிக்கக் கூடாது. குளிர் நாட்களில் போவதென்றால் சிலிண்டரில் புரொப்பேன் வேண்டும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்.

தண்ணீர்க் குழாய்களில் பெரிய வேலையில்லை. ஹோஸ் கிளிப்புகள் தளர்ந்திருந்தன. தொட்டியைத் திறந்து கையை விட்டுத் தேய்த்துக் கழுவினோம். பம்ப் யாரும் குழாயைத் திறக்காமலேயே நள்ளிரவில் 'டுர்' என்று ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். எங்களுக்கு அது குளியலறைக் குழாயின் அடி வாஷர்.

நான்கு பேர் தூங்கும் சின்ன இடத்தில் ஈரம் இன்னொரு வழியாகவும் வருகிறது, மூச்சில். ஒரு ராத்திரியில் நாலு பேர் மூச்சும் வியர்வையுமாக ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை விடுகிறார்கள். கூடவே அடுப்பு: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். இது போய் ஒட்டுவது மெத்தையின் அடியிலும் கப்போர்டின் பின்சுவரிலும். பிள்ளைகளின் பங்க் படுக்கையில் முழுப் பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்டு மரச் சட்டங்கள் அடித்தேன். கப்போர்டுகளின் பின்பக்கம் ஒரு விரல் இடைவெளி. கூரைக் கதவை ராத்திரி முழுக்க ஒரு பிளவாவது திறந்து வைக்கிறோம். சின்னவன் உருண்டு விழாமல் இருக்க மேல் பங்க்கில் மரத் தடுப்புப் போட வேண்டியிருந்தது. பெரியவள் கேட்டது ஒன்றே ஒன்று: அவளுக்கென்று ஒரு படிப்பு விளக்கும், அதை அவளே அணைக்கும் ஸ்விட்சும். மொத்த மேம்பாட்டிலும் அதிகம் பயன்படுவது அந்த விளக்குதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக எடை. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. முன் ஆக்சிலுக்கு 1,850, பின் ஆக்சிலுக்கு 2,000. குடும்பம், துணிமணி, நிறைந்த 100 லிட்டர் தொட்டி, சைக்கிள்கள் எல்லாவற்றோடும் எடை மேடைக்குப் போனோம். மொத்தம் 3,430. அப்பாடா என்று இருந்தது. ஆனால் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தியபோது 2,010. மொத்தத்தில் இடம் இருக்க, பின் ஆக்சிலில் மீறல்.

காரணம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. எங்கள் வண்டியில் இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 4 மீட்டர். சைக்கிள் ஸ்டாண்ட் பின் ஆக்சிலிலிருந்து 2 மீட்டர் பின்னால். சைக்கிளும் ஸ்டாண்டும் 60 கிலோ என்றால் பின் ஆக்சிலில் ஏறுவது 60 அல்ல, 90. மிச்ச 30-ஐ முன் ஆக்சிலிலிருந்து தூக்கிவிடுகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஈரப் புல்லில் சக்கரம் வழுக்குவதற்கும் ஸ்டீயரிங் லேசாகிப்போவதற்கும் இதுவும் காரணம். மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

செய்தது இரண்டுதான். தண்ணீர்த் தொட்டி பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இருப்பதால் பயணத்தில் 30 லிட்டரோடு மட்டும் கிளம்புகிறோம், மீதியைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்கிறோம். 20 கிலோ கருவிப் பெட்டியைப் பின் அறையிலிருந்து மேசை இருக்கையின் அடிக்கு, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, நகர்த்தினேன். மறுபடி நிறுத்தியபோது முன் 1,440, பின் 1,920. அந்த எண்களை வைத்து டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்துக் காற்றழுத்தம் வைத்தோம்; கதவில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரில் இருப்பது பழைய டயரின் அளவு.

பாக்கி இருப்பவை: பின்பக்கக் கேமரா, குளியலறைக் கதவின் தாழ்ப்பாள், ஓடும்போது எங்கிருந்தோ வரும் ஒரு கடகட சத்தம். மனைவி அது தட்டு அலமாரி என்கிறாள். எனக்குச் சந்தேகம் அடுப்புக் கம்பி மேல். அடுத்த ஓட்டத்தில் அவள் ஓட்டுவதாகவும், நான் பெல்ட்டோடு பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதாகவும் ஏற்பாடு.